வெறும் சுவரைச் சுட்டுப் பழகுதல்: பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் அனுபவம்

துப்பாக்கி சுடப் பழகும் எங்கள் ரேஞ்சுக்குப் பிள்ளைகளை அழைத்து வருகிற பெற்றோர் முதலில் மாதக் கட்டணத்தைக் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை பெல்லட் சுடணும் சார்?" என்பதாக இருக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலமும், சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் இன்னொரு வெண்கலமும் வாங்கிய பிறகு இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. நான் கோச் இல்லை. மின்வாரியத்தில் வேலை, ஐம்பதை நெருங்கும் வயது, கண்ணாடி போட்டவன். ஆனாலும் கோச் வேறு பையனோடு நின்றுகொண்டிருந்தால் கேள்வி என்னிடம்தான் வரும். "பெல்லட் கணக்கு இப்ப வேண்டாம், வீட்டில் வெள்ளைச் சுவர் இருக்கா?" என்று திருப்பிக் கேட்பேன். ஏமாற்றுகிறேன் என்று நினைக்கிறார்கள். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு நாலு வரி. பத்து மீட்டர் தூரத்தில் வளையங்கள் அச்சிட்ட ஓர் இலக்கு அட்டை, நாங்கள் கார்டு என்போம். காற்றழுத்தத்தில் பாயும் 4.5 மி.மீ. ஈயக் குண்டு, அதுதான் பெல்லட். ஒரே கையால் பிஸ்டலைத் தூக்கிச் சுட வேண்டும். மற்ற கை தொடக்கூடாது. கார்டின் நடுவில் கருப்பு வட்டம் 59.5 மி.மீ., அதற்குள் பத்துப் புள்ளி தரும் வளையம் 11.5 மி.மீ. தகுதிச் சுற்றில் 60 ஷாட், 75 நிமிடம். அதற்கு முன் தயாராகவும் சோதித்துச் சுடவும் 15 நிமிடம். பிஸ்டல் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். குழலின் முன் நுனியில் நிமிர்ந்து நிற்கிற சின்னத் தகடு முன் சைட், பின்னால் பள்ளம் வெட்டிய தகடு பின் சைட். அந்தப் பள்ளத்தின் நடுவில் முன் சைட் நிற்கும்படி வைத்துத்தான் குறி பார்க்கிறோம். ட்ரிகர் குறைந்தது 500 கிராம் இழுவை தாங்க வேண்டும் என்பது விதி. ஏர் ரைபிளில் பத்தாவது வளையம் வெறும் அரை மி.மீ. புள்ளி, ஆனால் அவர்களுக்கு விறைப்பான ஜாக்கெட்டும் பேன்ட்டும் உண்டு. பிஸ்டல்காரர்கள் வந்த சட்டையோடே நிற்கிறோம். கணுக்கால் எலும்பை மூடாத தட்டையான ஷூ போதும்.

பாரிஸில் துருக்கியின் யூசுப் திகேச் ஒரு கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுட்ட படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை ஸ்டைல் என்றுதான் ஊரே பேசியது. எந்த ரேஞ்சுக்குப் போனாலும் பிஸ்டல் சுடுகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நிற்பார்கள், மீதிப் பேர் பெல்ட்டில் கட்டைவிரலை மாட்டியிருப்பார்கள். சும்மா தொங்குகிற கை உடம்பை ஆட்டும். அதைக் கட்டிவைக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கோச் துணை ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் சேர்ந்த புதிதில் கை ஆடுகிறது, கை ஆடுகிறது என்று புலம்பிக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் என் நோட்டை வாங்கி ஸ்கேலை வைத்து ஒரு கோடு போட்டார்.

"தம்பி, முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல எவ்வளவு இருக்கும்?"

"முப்பத்தஞ்சு சென்டிமீட்டர் இருக்கும் சார்."

"அந்த முன் சைட்டு பின் சைட்டோட பள்ளத்துல ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கி நின்னா, பத்து மீட்டர்ல எவ்வளவு ஒதுங்கும்? கணக்குப் போடுங்க."

போட்டேன். சுமார் 28 மி.மீ. மையத்திலிருந்து 28 மி.மீ. தள்ளிப்போன பெல்லட் ஏழாவது வளையத்தில் விழும். "சரி, ரெண்டு சைட்டும் நேரா இருக்கு, கை மொத்தமா அஞ்சு மில்லிமீட்டர் ஒதுங்குது. இப்ப?" அப்போது கார்டிலும் அஞ்சு மி.மீ.தான் ஒதுங்கும். பெல்லட்டின் விளிம்பு வளையத்தைத் தொட்டாலே அந்தப் புள்ளி கிடைத்துவிடும் என்பதால், மையத்திலிருந்து எட்டு மி.மீ. வரை ஒதுங்கினாலும் பத்துதான். "அப்ப நீங்க எதைப் பத்திக் கவலைப்படணும்?" என்று கேட்டுவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

கை ஆடுவது பெரிய விஷயமில்லை என்று இதைப் படித்துவிட்டுச் சொல்லிவிடலாம். உடம்பு நம்புவதற்குப் பல மாதம் ஆகும். நல்ல ஷூட்டருக்கும் கை ஆடத்தான் செய்கிறது. அவருடைய ஆட்டம் சின்னது, அந்த ஆட்டத்துக்குள் இரண்டு சைட்டும் ஒன்றையொன்று விட்டு விலகுவதில்லை. அதற்காகத்தான் மணிக்கட்டைப் பூட்டு, கிரிப்பை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடி என்று கோச்சுகள் கத்துகிறார்கள். தோள் ஆடினால் ஷாட் ஒன்பதில் விழும், மணிக்கட்டு மடங்கினால் ஏழில் விழும்.

இதிலிருந்துதான் கண் எங்கே இருக்க வேண்டும் என்பதும் வருகிறது. முன் சைட், பின் சைட், கார்டு என்று மூன்று தூரத்தில் மூன்று பொருள். மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்கக் கண்ணால் முடியாது. முன் சைட் கத்தி மாதிரி கூராகத் தெரிய வேண்டும், கருப்பு வட்டம் மங்கலாக இருக்கட்டும். குறி வைப்பதும் கருப்பின் நடுவில் இல்லை. அதற்குக் கீழே வெள்ளையில் கொஞ்சம் இடம் விட்டு நிறுத்துவது வழக்கம், பெல்லட் மேலே போய்ப் பத்தில் விழும்படி பின் சைட்டைத் திருகி வைத்துக்கொள்வோம். புதியவர்கள் எல்லோரும், நான் உட்பட, கடைசி நொடியில் கார்டைப் பார்த்துவிடுவோம். அடிக்கப் போகிற பொருளைப் பார்க்காமல் அடி என்றால் மனசு ஒத்துக்கொள்வதில்லை.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இதில் இன்னொரு தொல்லை. வெள்ளெழுத்து. கை நீட்டிய தூரத்துக்குச் சற்று அப்பால் இருக்கிற முன் சைட், தூரப்பார்வைக் கண்ணாடியிலும் தெரியாது, படிக்கிற கண்ணாடியிலும் தெரியாது. பைஃபோகல் போட்டு அண்ணாந்து பார்த்துச் சுடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கழுத்து வலிதான் மிச்சம். நான் செய்தது இது: பிஸ்டலைத் தூக்கி நின்று, கண்ணிலிருந்து முன் சைட் வரை என்ன தூரம் என்று வீட்டில் ஒருவரை டேப்பால் அளக்கச் சொன்னேன். அந்த அளவை எழுதிக்கொண்டு கண் பரிசோதனைக்குப் போனேன். அந்தத் தூரத்தில் ஒரு பேனாவை நீட்டிப் பிடித்துக்கொள்ள, அதன் நுனி கூராகத் தெரிகிற லென்ஸைச் சோதித்து எழுதிக் கொடுத்தார்கள். பலருக்குத் தூரப்பார்வை எண்ணோடு அரை அல்லது முக்கால் பவர் கூட்டினால் சரியாக வருகிறது. குறி பார்க்காத கண்ணை இறுக்கி மூடாதீர்கள், முகம் முழுக்க இறுகும். 30 மி.மீ. அகலத்துக்கு மிகாத ஒரு மறைப்பைக் கண்ணாடியில் மாட்டிக்கொள்ள விதி அனுமதிக்கிறது. வெள்ளைக் காகிதத்தை வெட்டி ஒட்டினாலும் வேலை முடிந்தது.

இப்போது சுவர்.

பெல்லட் இல்லாமல் சுட்டுப் பழகுவதற்கு டிரை ஃபயர் என்று பெயர். போட்டிக்கான ஏர் பிஸ்டல்கள் பெரும்பாலானவற்றில் காற்றும் வெளியேறாமல் ட்ரிகர் மட்டும் வேலை செய்கிற மாதிரி ஓர் அமைப்பு உண்டு. வேலைக்குக் கிளம்புவதற்கு முன் இருபது நிமிடம், வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்பேன். காலண்டர், ஆணி, பல்லி எதுவும் இல்லாத சுவர். குறி வைக்க ஒன்றும் இல்லாததால் கண் வேறு வழியில்லாமல் முன் சைட்டிலேயே நிற்கும். அப்படியே ட்ரிகரை அழுத்திக்கொண்டே போக வேண்டும். அது விடுபடுகிற நொடியில் முன் சைட் அசைந்ததா, எந்தப் பக்கம் அசைந்தது என்று பார்ப்பதுதான் முழுப் பயிற்சியும். நிஜமாகச் சுடும்போது சத்தமும் அதிர்வும் அந்த அசைவை மூடிவிடும். சுவருக்கு முன்னால் ஒளிய இடமில்லை.

"காலங்காத்தால சுவரை மிரட்டிட்டு நிக்கிறீங்களே, அது என்னங்க பண்ணிச்சு?" என்று வீட்டம்மா கேட்பாள். ஜன்னல் திரையைப் போட்டுக்கொள்வது நல்லது. எதிர்வீட்டுக்காரருக்கு இது விளையாட்டுத் துப்பாக்கி என்று நாம் போய் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

பாதுகாப்பில் மட்டும் சலுகை கிடையாது. பெல்லட் டப்பா வேறு அறையில் இருக்க வேண்டும். பிஸ்டலை எடுத்தவுடன் குழலைத் திறந்து பெல்லட் இல்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். முடித்ததும் குழலின் முழு நீளத்துக்கும் போகிற பளிச்சென்ற நிறப் பாதுகாப்புக் கயிற்றைச் செருகிப் பெட்டியில் பூட்ட வேண்டும். வீட்டில் யாராவது அந்த அறைக்குள் வந்தால் அன்றைய பயிற்சி அந்த இடத்தில் நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

வெறும் சுவரில் சைட் அசையாமல் வரத் தொடங்கிய பிறகு சின்னக் கருப்பு வட்டம் ஒன்றை ஒட்டினேன். அளவு எளிய விகிதக் கணக்கு: மூன்று மீட்டர் தள்ளி நின்றால் 18 மி.மீ., ஐந்து மீட்டர் என்றால் 30 மி.மீ. விட்டம். ரேஞ்சில் தெரிகிற கருப்பின் அளவிலேயே கண்ணுக்குத் தெரியும். வட்டம் வந்தவுடன் பழைய வியாதி திரும்பி வரும், ட்ரிகரைச் சட்டென்று தட்டுவோம். திரும்பவும் வெறும் சுவருக்குப் போக வேண்டியதுதான். இன்றைக்கும் என் பயிற்சியில் பாதிக்கு மேல் வட்டம் இல்லாத சுவரில்தான்.

சட்டென்று தட்டுவது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எல்லா வியாதிக்கும் தாய் அதுதான். சைட் ஆடிக்கொண்டே இருக்கிறது, ஒரு கணம் சரியாக நிற்கிறது, "இப்போ!" என்று மூளை கத்துகிறது, விரலோடு மொத்தக் கையும் சுருங்குகிறது. வலக்கைக்காரருக்கு அது கீழே இடப்பக்கமாகப் போய் விழும். போட்டிப் பிஸ்டல்களின் ட்ரிகரில் இரண்டு கட்டம் இருக்கும்: முதலில் லேசாக நகர்ந்து ஓர் இடத்தில் தடுக்கும், அதைத் தாண்டி அழுத்தினால்தான் விடுபடும். முதல் கட்டத்தைப் பிஸ்டல் கருப்புக்கு மேலிருந்து இறங்கி வரும்போதே எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு சைட் நின்றாலும் ஆடினாலும் விரல் நேர் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், எப்போது வெடிக்கும் என்று நாம் நாள் குறிக்கக் கூடாது. இதைக் கண்டுபிடிக்க எங்கள் கோச் ஒரு வேலை செய்வார். நம்மைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு அவரே பெல்லட் போடுவார், சில முறை போடாமலே மூடிக் கொடுப்பார். உள்ளே இருக்கிறதா இல்லையா என்று நமக்குத் தெரியாது. பெல்லட் இல்லாத முறையிலும் பிஸ்டல் குழல் முக்குளித்தால் ரேஞ்சில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். வெட்கமாக இருக்கும், ஆனால் மருந்து இதைவிடச் சுருக்கமாக நான் கண்டதில்லை.

தூக்கிய பிஸ்டலைச் சுடாமல் இறக்குவதும் பழக வேண்டிய ஒன்று. மூச்சை இயல்பாக விட்டு நிறுத்தியதிலிருந்து ஆறு, எட்டு நொடிக்குள் ஷாட் போய்விட வேண்டும். அதற்கு மேல் கண் களைக்கும், முன் சைட் பார்த்த இடத்திலேயே படமாக உறைந்து நிற்கும், நாம் அதை நிஜம் என்று நம்பிச் சுடுவோம். 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் என்றால் ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேலேயே இருக்கிறது. இறக்கி, மூச்சு வாங்கி, திரும்பத் தூக்க நேரம் தாராளம். இருந்தும் மனசு வராது. தூக்கிவிட்டோமே என்று சுடுகிற ஷாட்தான் பெரும்பாலும் ஏழும் எட்டும். அதனால் வீட்டுப் பயிற்சியில் நன்றாக நிற்கிற பிஸ்டலையும் வேண்டுமென்றே நடுநடுவே இறக்கிப் பழகுகிறேன்.

ரேஞ்சில் சுடும் நாட்களில் என் ஸ்கோரை உண்மையில் நகர்த்தியது ஒரு நோட்டு. ஷாட் போனவுடன், விழுந்த இடத்தைக் காட்டுகிற மானிட்டரையோ கார்டையோ பார்க்கக் கூடாது. பிஸ்டலை இன்னும் இரண்டு நொடி அப்படியே பிடித்திருந்து, சைட் விடுபட்டபோது எங்கே இருந்தது என்பதை வைத்து, "ஒன்பது, மூணு மணிப் பக்கம்" (கடிகாரத்தில் மூணு இருக்கிற திசை, அதாவது வலப்பக்கம்) என்று நோட்டில் எழுத வேண்டும். அதன் பிறகு பார்த்து, விழுந்த இடத்தைப் பக்கத்தில் எழுத வேண்டும். சொன்னதும் விழுந்ததும் ஒத்துப்போகத் தொடங்கினால் நீங்கள் முன் சைட்டைப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். சொன்னது பத்து, விழுந்தது கீழே இடப்பக்கம் எட்டு என்று தொடர்ந்து வந்தால், ட்ரிகர் விடுபடும்போது கண் வேறெங்கோ இருந்திருக்கிறது.

சைட்டைத் திருகுவதா வேண்டாமா என்பதையும் இந்த நோட்டே சொல்லிவிடும். எல்லா ஷாட்டையும் சரியாகச் சொல்கிறீர்கள், ஆனால் பெல்லட்கள் விழுந்த மொத்தக் கூட்டமும் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்றால் சைட்டைத் திருகுங்கள். கூட்டமே சிதறிக் கிடக்கும்போது திருகினால் நாளை திரும்பத் திருகுவீர்கள். சிதறலைச் சுருக்க, காகிதக் கார்டைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டி வெள்ளையில் சுடுவது நல்ல பழக்கம். ஸ்கோர் கிடையாது, எத்தனை நெருக்கமாக விழுகிறது என்பது மட்டும். ஆர்வமான பையன்களுக்கு இது பிடிக்காது. வீட்டுக்குப் போய்ச் சொல்ல எண் இல்லையே!

நிற்கிற முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைத் தூக்கி, இறக்கி நிறுத்தி, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். கருப்புக்கு இடமோ வலமோ போயிருந்தால் கையை நகர்த்தாதீர்கள், பின்னங்காலை நகர்த்துங்கள். கையால் இழுத்துப் பிடித்தால் ஷாட் போகும் நொடியில் அது பழைய இடத்துக்கே ஓடும்.

உடம்புப் பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பிடிப்பது, பிஸ்டலைச் சுடாமல் முப்பது நொடி பிடித்திருப்பது, இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் போதும். வயதானவர்கள் தோளை அவசரப்படுத்தினால் மாதக்கணக்கில் உட்கார வேண்டி வரும்.

மாத்திரை விஷயத்தை என் வயதுக்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் நம் ஊரில் சாதாரணமாக எழுதித் தருகிற அட்டெனலால், மெட்டோபுரோலால், புரோப்பனலால் எல்லாம் பீட்டா பிளாக்கர் வகை. இதயத் துடிப்பைக் குறைத்து நடுக்கத்தை அடக்கும் என்பதால் துப்பாக்கி சுடுதலில் இவை தடை செய்யப்பட்டவை, போட்டி இல்லாத நாட்களிலும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு புரோப்பனலால் எடுத்ததாகக் கண்டறியப்பட்டு ஒரு வெள்ளியையும் ஒரு வெண்கலத்தையும் இழந்தார். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. போட்டியில் கலந்துகொள்ளும் எண்ணம் இருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு வகை மருந்து உங்களுக்குப் பொருந்துமா என்று அவர் முடிவு செய்யட்டும்.

தினமும் பழக வேண்டுமா? இடைவெளி விட்டால் எது முதலில் போகிறது என்று என் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். புயல், மழை என்று வேலை கழுத்தை நெரிக்கிற ஐப்பசி, கார்த்திகையில் ரேஞ்சுக்குப் போகவே முடியாது. திரும்பி வந்தால் கை பிடிப்பது ஓரளவு அப்படியே இருக்கிறது, ட்ரிகர் விரல்தான் அந்நியமாகிவிடுகிறது. சுவர்ப் பயிற்சியை விடாமல் செய்த வருடங்களில் அந்தச் சரிவு பாதிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து டப்பா காலியாகும்வரை சுடுகிற நண்பர்களும் இருக்கிறார்கள். பிற்பகலில் அவர்கள் பழகுவது களைத்த கையோடு தட்டிவிடுகிற பழக்கத்தைத்தான் என்பது என் கருத்து. அவர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

மேல்மட்டத்தில் இடைவெளி எவ்வளவு சின்னது என்பதற்கு ரைபிளில் ஓர் உதாரணம். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் பாரிஸில் தகுதிச் சுற்றில் எடுத்தது 630.7. ரைபிளில் பத்துக்குள்ளும் தசமக் கணக்கு உண்டு, அதன்படி ஷாட்டுக்குச் சராசரியாக 10.5. அப்படிச் சுட்டும் பத்தாம் இடம், இறுதிக்கு எட்டுப் பேர்தான். பக்கத்தில் இருப்பவர் என்ன எடுத்தார் என்று எட்டிப் பார்க்கிற பிள்ளைகளிடம் இந்த எண்ணைச் சொல்வேன். சிலர் பயப்படுகிறார்கள், சிலருக்குக் கண் விரிகிறது.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவிலேயே பழுதானது, அதைச் சரிசெய்வதில் நேரம் போனது. நம் மாவட்டப் போட்டியிலும் இதெல்லாம் நடக்கும். திருகுகளை முந்தின நாளே பாருங்கள். பிஸ்டலின் காற்றுச் சிலிண்டரில் அழுத்தம் 200 பார் (காற்றழுத்த அலகு) வரை நிரப்புவார்கள், அதன் மேல் பொறித்திருக்கிற தேதியிலிருந்து பத்து வருடம்தான் ஆயுள். பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் முதலில் அந்தத் தேதியைப் பார்க்க வேண்டும். பெல்லட் ஈயம் என்பதால் சுட்ட கையோடு வடையை எடுக்கக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிள்ளைகளை இதில் கண்டிப்பாக வையுங்கள்.

அந்தப் பெற்றோர்களுக்கு என் பதில் இதுதான். முதல் சில மாதம் ரேஞ்சில் இருக்கிற பிஸ்டலிலேயே பையன் பழகட்டும். வாரத்தில் இரண்டு நாள் ரேஞ்ச் போதும். மற்ற நாட்களில் பிஸ்டல் இல்லாமலே நின்று, கை நீட்டி, மூச்சை நிறுத்தி, நோட்டு எழுதிப் பழகலாம். 20 ஜூல் சக்திக்கு மிகாத 4.5 மி.மீ. ஏர் துப்பாக்கிக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தைரியத்தில் உடனே வாங்கிவிட வேண்டாம். வெளிநாட்டுப் போட்டிப் பிஸ்டல் லட்சங்களில் போகிறது. அதன் மரக் கைப்பிடி ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அளவில் வரும், பன்னிரண்டு வயதுப் பையனின் கைக்குப் பார்த்து வாங்கினால் அடுத்த வருடமே சின்னதாகிவிடும்.